நாட்குறிப்பில் வந்து போனவர்கள்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "வரலாறுதான் வேண்டும் சார், ஆனால் ராஜா, போர், உடன்படிக்கை எதுவும் வேண்டாம்." காலமெல்லாம் வகுப்பில் ராஜாக்களையும் உடன்படிக்கைகளையும் ஒப்பித்தவனுக்கு இதைவிட நல்ல நிபந்தனை கிடைக்குமா? ஆகவே இந்த மலரில் நான் எழுதப்போவது ஒரு வேலைக்காரப் பெண், ஒரு கறுப்பின ஊழியர், ஒரு தோழிப்பெண், ஒரு தச்சரின் மனைவி ஆகிய நான்கு பேரைப் பற்றி. அவர்கள் வாழ்ந்த இடம் லண்டன். காலம் பதினேழாம் நூற்றாண்டு. நால்வரும் சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரியின் நாட்குறிப்பில் வந்து போனவர்கள்.

நம்மில் பலருக்கு இந்தப் பெயர் ஆங்கிலப் பாடத்தில் அறிமுகமாகியிருக்கும். 1666 லண்டன் பெருந்தீ பற்றி அவர் எழுதிய பகுதி நமக்குப் பாடமாக இருந்தது. "பெப்பிஸ்" என்று படித்தோம். சொல்ல வேண்டியது "பீப்ஸ்". அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரியை எழுதுவது மாக்டலீன், சொல்வது மாட்லின். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் சும்மா விடுவார்களா!

தையற்காரர் மகன் எழுதியது

பீப்ஸ் 1633-ல் லண்டனில் ஒரு தையற்காரர் மகனாகப் பிறந்தார். உறவினரான எட்வர்ட் மாண்டேகு பிரபுவின் தயவால் 1660-ல் கடற்படை அலுவலகத்தில் வேலைக்கு வந்து, பிற்காலத்தில் கடற்படைத் துறையின் செயலாளராகவே உயர்ந்தார். 1660 ஜனவரி 1-ஆம் தேதி, இருபத்தாறு வயதில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஒன்பதரை வருஷம் எழுதினார். மொத்தம் சுமார் பன்னிரண்டரை லட்சம் சொற்கள். கண் பார்வை போய்விடும் என்று பயந்து 1669 மே 31-ல் நிறுத்திவிட்டார். கண் போகவில்லை. 1703 வரை வாழ்ந்தார். ஆனால் அந்த மாதிரி நாட்குறிப்பை அவர் மறுபடி எழுதவேயில்லை.

எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதினார். தாமஸ் ஷெல்டன் என்பவரின் முறை அது. அலுவலக விவகாரம், அரசர் செய்தி, சாப்பாடு, சண்டை, வயிற்று வலி, மனைவிக்குத் தெரியாமல் செய்த காரியங்கள் எல்லாம் உண்டு. கடைசி வகைக்கு வரும்போது ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் என்று கலந்து இன்னொரு பூட்டும் போட்டுக்கொள்வார்.

தம் புத்தகங்கள் சுமார் மூவாயிரத்தையும், பன்னிரண்டு அலமாரிகளோடு, தாம் படித்த கல்லூரிக்கே சேரும்படி ஏற்பாடு செய்தார். ஒன்றுகூடக் குறையக்கூடாது, ஒன்றுகூடச் சேர்க்கவும் கூடாது என்பது நிபந்தனை. மருமான் காலத்துக்குப் பின் 1724-ல் அவை மாட்லின் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. முன்னாள் மாணவர் என்றால் இப்படி இருக்க வேண்டும்! நம் சங்க உறுப்பினர்கள் கவனிக்க.

அந்த மூவாயிரத்தில் ஆறு தொகுதிகள் இந்த நாட்குறிப்பு. சுமார் நூறு வருஷம் யாரும் அதைப் படிக்க முயலவில்லை. 1819-ல் ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். மூன்று வருஷம் உட்கார்ந்து மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் எழுத்து எழுத்தாக அவிழ்த்தார். கூலி 200 பவுண்டு. வேடிக்கை என்னவென்றால், ஷெல்டனின் சுருக்கெழுத்து விளக்கப் புத்தகம் அதே நூலகத்தில்தான் இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

1825-ல் பிரேபுரூக் பிரபு முதல் பதிப்பை வெளியிட்டார். மொத்தத்தில் கால் பங்குதான் அச்சில் வந்தது. அரசரும் பிரபுக்களும் நாடாளுமன்றமும் தங்கினார்கள். சமையல்கட்டும் மாடிப்படியும் போய்விட்டன. பின்னர் வந்த பதிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தன. ஒரு வரி விடாமல் முழுமையாக வந்தது ராபர்ட் லாதமும் வில்லியம் மாத்யூஸும் செய்த பதிப்பில்தான்: 1970 முதல் 1983 வரை பதினோரு தொகுதிகள். அதில் ஒன்பது மூலம். பத்தாவது, யார் யார், எது எது என்று சொல்லும் துணைத் தொகுதி. பதினொன்றாவது முழுவதும் பெயர் அடைவு. வெறும் பெயரடைவு என்று நினைக்காதீர்கள். அதற்கென்றே ஒரு பதக்கம் கொடுத்தார்கள்!

யார் இந்த தாமஸ்?

பெரிய மனிதர்களைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. "மை லார்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாண்டேகு பிரபு. "இரண்டு சர் வில்லியம்கள்" என்றால் சக அதிகாரிகளான பாட்டனும் பென்னும். சிக்கல் சின்ன மனிதர்களிடம்தான். பெயர்களைப் பெரும்பாலும் சாதாரண எழுத்திலேயே எழுதியிருப்பதால் படிப்பதில் கஷ்டம் குறைவு. ஆனால் படித்துவிட்டால் ஆளைத் தெரிந்துவிடுமா?

எங்கள் செட்டில் மூன்று சுப்பிரமணியன்கள். கரூர் சுப்பிரமணியன், நெட்டை சுப்பிரமணியன், வயலின் சுப்பிரமணியன். ஹாஸ்டலில் "சுப்பிரமணி வந்தான்" என்று யாராவது டைரியில் எழுதியிருந்தால் ஐம்பது வருஷம் கழித்து யார் கண்டுபிடிப்பது? பீப்ஸுக்கும் அதே கதி. சொந்தத் தம்பி தாமஸ். பெரியப்பா தாமஸ். மரக்கடைசல் வேலை செய்த ஓர் உறவினர் தாமஸ். உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்ற இன்னொரு உறவினரும் தாமஸ். எல்லாருமே தாமஸ் பீப்ஸ்! அதுபோல இரண்டு பியர்ஸ்கள். ஒருவர் ஜேம்ஸ், கடற்படை அறுவை மருத்துவர். மற்றவர் ஆண்ட்ரூ, கப்பலில் கணக்கும் சாமான்களும் பார்க்கிற பர்சர். "இன்று பியர்ஸுடன் சாப்பிட்டேன்" என்று இருந்தால், அன்று கூட இருந்தவர்கள் யார், பேச்சு எதைப்பற்றி, எந்தக் கப்பல் துறைமுகத்தில் நின்றது என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். அந்தக் காலத்தில் "மிசஸ்" என்றால் கல்யாணமானவள் என்று பொருள் அல்ல. மரியாதைக்குரிய எந்தப் பெண்ணுக்கும், சின்னப் பெண்ணுக்குக்கூட, அந்த அடைமொழி உண்டு. கல்யாணமானால் பழைய பெயர் போய்விடும். கணவன் இறந்து மறுமணம் செய்தால் இரண்டாவது பெயரும் போய்விடும். ஒரே பெண் மூன்று பெயரில் மூன்று பதிவேடுகளில் இருப்பாள்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. அதனால் சர்ச் பதிவேட்டில் "1668 பிப்ரவரி" என்றிருந்தால் நம் கணக்குக்கு அது 1669 பிப்ரவரி. இதைக் கவனிக்காதவர் கல்யாணத்துக்கு முன்பே குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்து வைத்துவிடுவார்.

தேடுவதற்கு என்ன இருக்கிறது? 1538 முதல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தது. 1662 முதல் அடுப்பு வரி என்று ஒன்று: வீட்டில் உள்ள ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங். எந்தத் தெருவில் யார் வீட்டில் எத்தனை கணப்பு என்ற பட்டியல் அதனால் கிடைக்கிறது. பிறகு உயில்கள், கடற்படை அலுவலகக் கடிதக் கட்டுகள். 1666 பெருந்தீயில் 87 பங்குக் கோயில்கள் எரிந்தன. பீப்ஸ் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த செயின்ட் ஓலேவ் கோயில் தப்பியது. பீப்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் அடக்கமானது அங்கேதான்.

நான்கு பேர்

முதலில் ஜேன் பர்ச். 1658-ல், நாட்குறிப்பு தொடங்குவதற்கு முன்பே, வேலைக்கு வந்த சிறுமி. வீட்டைச் சரியாக வைக்கவில்லை என்று பீப்ஸ் ஒருநாள் துடைப்பத்தால் அடித்து அழவைத்தார். அதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவள் தம்பி வேன்மனும் அதே வீட்டில் எடுபிடி. அவனை 1663-ல் நிறுத்திவிட்டார்கள். பின்னர் அவனைக் கப்பலேற்றி பார்படோஸ் தீவுக்கு அனுப்ப இருந்தபோது, மீட்டுத் தரும்படி பீப்ஸிடம் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் ஜேன் போவதும் திரும்பி வருவதுமாக அந்த வீட்டில் இருந்தாள். 1666 செப்டம்பர் 2 விடியற்காலை மூன்று மணிக்கு "ஊரில் தீப்பிடித்திருக்கிறது" என்று எஜமானரை எழுப்பியது அவள்தான். நாம் பாடத்தில் படித்தோமே, அந்தப் பெருந்தீப் பகுதி தொடங்குவதே ஜேன் கூப்பிட்ட குரலில்தான். பரீட்சையில் அவள் பெயரை யாரும் கேட்டதில்லை.

நாட்குறிப்பு முடியும்போது ஜேன் மறைந்துவிடுகிறாள் என்றுதான் சாதாரணமாகப் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் மற்றப் பதிவுகளில் அவள் இருக்கிறாள். 1669 மார்ச் 26-ல் அதே வீட்டில் வேலை பார்த்த டாம் எட்வர்ட்ஸை மணந்தாள். அவர்கள் மகனுக்கு சாமுவேல் என்று பெயர், ஞானத்தந்தை பீப்ஸ். டாம் 1681-ல் இறந்தார். ஜேன் மறுமணம் செய்துகொண்டாள். 1690-ல் பீப்ஸ் அவளுக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு உதவித்தொகை ஏற்படுத்தினார். துடைப்பத்தடிக்கும் உதவித்தொகைக்கும் இடையே முப்பது வருஷம். நாட்குறிப்பை மட்டும் பார்த்தால் முதல் பாதிதான் தெரியும்.

இரண்டாவது, மிங்கோ. சர் வில்லியம் பாட்டன் வீட்டில் ஊழியராக இருந்த கறுப்பினத்தவர். 1661-ல் ஒருநாள் மாலை விருந்தில் அவரை ஆடச் சொல்லி எல்லாரும் வேடிக்கை பார்த்ததாக பீப்ஸ் எழுதுகிறார். குறிப்பில் அவர் ஒரு வேடிக்கைப் பொருள், அவ்வளவுதான். பாட்டன் 1667-ல் இறந்தார். அவர் உயிலைப் பாருங்கள்: மிங்கோவுக்கு 10 பவுண்டு, ஹார்விச் துறைமுகத்தின் லைட் ஹவுஸ்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அதற்கு ஆண்டுக்கு 20 பவுண்டு. இருட்டில் வரும் கப்பல்களுக்கு விளக்கேற்றி வழிகாட்டும் வேலையை நம்பி ஒப்படைக்கத்தக்க மனிதர் அவர். விருந்தில் சிரித்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை. ஓர் உயில்தான் நமக்குச் சொல்கிறது.

மூன்றாவது, டெபோரா வில்லெட். டெப் என்று கூப்பிடுவார்கள். பிரிஸ்டல் ஊர்ப் பெண், தாய் தகப்பன் இல்லாதவள், அத்தையின் பொறுப்பில் வளர்ந்தவள். 1667 இலையுதிர் காலத்தில், பதினேழு வயதில், எலிசபெத்துக்குத் தோழியாக வேலைக்கு வந்தாள். 1668 அக்டோபர் 25-ல் கணவர் அந்தப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டிருந்ததை எலிசபெத் நேரிலேயே பார்த்துவிட்டார். வேலை போனது யாருக்கு? பெண்ணுக்குத்தான். அதோடு விடவில்லை. அவளைக் கேவலமாகத் திட்டி ஒரு கடிதம் எழுதும்படி கணவரைக் கட்டாயப்படுத்தினார் எலிசபெத். கடிதத்தைக் கொண்டுபோனவர் வில் ஹியூயர் என்ற குமாஸ்தா. அவர் அந்தக் கடுஞ்சொல் இருந்த பகுதியை டெப்புக்குக் காட்டவேயில்லை. அந்த வீட்டில் ஒரு மனிதனாவது இருந்தான்!

டெப் பற்றி முந்நூறு வருஷத்துக்கு மேல் இவ்வளவுதான் தெரியும். பழைய பதிப்புகள் இந்தப் பகுதிகளை வெட்டியும் மறைத்தும் போட்டதால் இதுகூட முழுதாகத் தெரியாது. 2006-ல் கேட் லவ்மன் என்ற ஆய்வாளர் அவளுடைய பிற்கால வாழ்க்கையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 1670-ல் ஜெரமையா வெல்ஸ் என்ற, இறையியல் படித்தவரை டெப் மணந்துகொண்டாள். அவருக்குக் கப்பல் பாதிரியார் வேலை கிடைக்க பீப்ஸ் உதவியிருக்கிறார். 1678-ல் டெப் இறந்துபோனாள். முப்பதுகூட நிறையவில்லை. சின்ன வாழ்க்கைதான். ஆனால் பீப்ஸ் வீட்டில் கழிந்த அந்த ஒரு வருஷம் மட்டுமே அவள் வாழ்க்கை அல்ல என்று இப்போது சொல்ல முடிகிறது.

நான்காவது, திருமதி பேக்வெல். கணவர் வில்லியம் பேக்வெல் கப்பல் தச்சர். அவருக்கு நல்ல கப்பலில் வேலை வேண்டும் என்று கேட்டு 1663-ல் இந்த அம்மாள் பீப்ஸிடம் வந்தார். அதற்கு அதிகாரி என்ன விலை வாங்கினார் என்பதை அவருடைய கலப்பு மொழியே காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பெண் எதிர்த்துப் போராடியதையும், தம் விரலில் காயம் பட்டதையும்கூட எழுதியிருக்கிறார். பன்னிரண்டரை லட்சம் சொற்களில் அவர் பெயர் மட்டும் இல்லை. "பேக்வெல் மனைவி", அவ்வளவுதான். கணவரின் வேலை விவரம் கடற்படைக் கடிதங்களில் வருகிறது. அந்தக் கப்பல், இந்தக் கப்பல் என்று பெயரோடு வருகிறது. அவற்றின் தேதிகளை நாட்குறிப்பின் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று முழுதாகப் புரியும். நாட்குறிப்பில் இது ஒரு மனிதனின் பலவீனம்போல் தெரியும். இரண்டையும் சேர்த்தால் இது லஞ்சம். அதிகாரம் உள்ளவன் கேட்டு வாங்கிய லஞ்சம்.

நம் பக்கத்திலும்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை "இந்தியாவின் பெப்பிஸ்" என்று சும்மாவா சொன்னார்கள்? துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். அதை மொழிபெயர்த்தவர்களுக்கும் இதே தலைவலி. பிரெஞ்சுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருப்பார். நம் "ப" ஒன்றே அவர்களுடைய பல ஒலிகளுக்கு நிற்க வேண்டும். கம்பெனிக் கடிதங்களையும், புதுச்சேரியின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளின் அச்சான சுருக்கத்தையும் வைத்துத்தான் ஆளை உறுதி செய்ய முடியும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். லண்டனில் வேலைக்காரச் சிறுமிக்கும் ஞானஸ்நானப் பதிவு உண்டு. புதுச்சேரியில் அந்தப் பதிவேடு பரங்கியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மட்டுமே. பல்லக்குத் தூக்கியவர், வண்ணார், தோணிக்காரர், சேவகர் ஆகியோரில் மற்றவர்கள் எந்தப் பதிவேட்டில் இருப்பார்கள்? பிள்ளையவர்கள் பெயரைக் குறித்திருந்தால் உண்டு. "ஒரு ஆள் வந்தான்" என்று எழுதியிருந்தால் அதோடு சரி. நாட்குறிப்பின் அந்த ஒற்றை வரிக்கு நம் பக்கத்தில் மதிப்பு இன்னும் அதிகம்.

எழுதுகிறவன் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் மற்றவர்களை எழுதுவான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. டைரி என்பதே அதுதான். ஆனால் அந்த அளவுதான் அவர்களுடைய அளவு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் அடையாளம் தேடும் வேலையின் பயன் இதுதான். அடிக்குறிப்பை நிரப்புவதற்காக மட்டும் யாரும் பழைய பதிவேட்டைப் புரட்டுவதில்லை.

நம் கல்லூரி குரூப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். "அமர்ந்திருப்பவர்கள்: இடமிருந்து வலம்" என்று முதல்வர், பேராசிரியர்கள் பெயர் இருக்கும். "நிற்பவர்கள்" வரிசையில் நம் பெயர்கள் இனிஷியலோடு இருக்கும். ஓரத்தில் கைகட்டி நிற்கும் லேப் அட்டெண்டர், மணியடித்த பியூன், ஹாஸ்டல் மெஸ்ஸில் நமக்கு ரசம் ஊற்றியவர் ஆகியோரின் பெயர் எங்கே? நம்மில் சிலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்னொரு இருபது வருஷம் போனால் அதுவும் இருக்காது.

சங்கச் செயலாளரிடம் சொல்லி, வரவேற்பு மேஜையில் ஒரு நீள நோட்டு வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பழைய படங்களின் நகல்களும் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரிந்த பெயர், ஊர், பார்த்த வேலை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று எழுதுங்கள். பட்டப்பெயர் மட்டும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மீதி தெரிந்திருக்கும். பெண்கள் என்றால் கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் மேலே சொல்லியாயிற்று. எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். பந்தி எங்கும் ஓடிவிடாது.